கோடைத் தோட்டமும் கொட்டிவிடும் தண்ணீரும்

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கிவிட்டால், இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் அதிகாலைத் தெருவின் ஓசையே மாறிவிடுகிறது. ஃபஜ்ர் தொழுது வெளியே வருவோரின் காதில் முதலில் விழுவது தள்ளுவண்டிச் சக்கரங்களின் ஒலியும், பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் ஒலியும்தான். கிணற்று நீர் உவர்த்துவிட்டது. காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. லாரித் தண்ணீருக்கும் குடத் தண்ணீருக்கும் விலை கொடுத்தாக வேண்டும். அதே தெருவில், அதே வீடுகளின் பின்புறச் சாக்கடையில், பகல் முழுவதும் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசி களைந்த நீர், மீன் அலசிய நீர், துணி அலசிய நீர், ஐந்து வேளையும் ஒளு செய்த நீர். எல்லாம் காசு கொடுத்து வாங்கிய நீர். பத்து மணிக்கு வாசலில் கீரைக்காரம்மா குரல் கொடுக்கிறார். ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் காசு கொடுத்து வாங்குகிறோம். இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம் குடும்பங்களில் அருகி வருகிறது. அது குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

வீட்டுத்தோட்டம் பற்றி நாம் பேசத் தொடங்கியதுமே ஒரு மறுப்பு எழும். ஜமாஅத்தின் மூத்த பெரியவர் ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார்: "குடிக்கவே தண்ணீர் இல்லாத நாளில் செடிக்கு ஊற்றச் சொல்கிறீர்களே ஹஜ்ரத், இது வீண்விரயம் ஆகாதா?" நியாயமான கேள்வி. குடிநீரைக் குழாய் வைத்துச் செடிக்குப் பாய்ச்சினால் அது வீண்விரயமே. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கோடைத் தோட்டத்துக்குப் புதிய நீர் தேவையில்லை. ஒரு முறை பயன்பட்டுச் சாக்கடைக்குப் போகும் நீர் அதற்குப் போதும். ஆறு பேர் வாழும் வீட்டில் அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் மட்டுமே நாளொன்றுக்கு ஒரு வாளிக்குக் குறையாது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பத்து மிளகாய்ச் செடி ஆகியவற்றுக்கு ஒரு வாளி தாராளம்.

திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயமான அல்அன்ஆமின் 141ஆம் வசனத்தை இந்த நோக்கில் வாசித்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பந்தலில் படரும் தோட்டங்களையும் படராத தோட்டங்களையும், பேரீச்சையையும் பயிர்களையும் ஒலிவத்தையும் மாதுளையையும் படைத்தவன் தானே என்று அதில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். காய்த்தால் அதிலிருந்து உண்ணுமாறும், அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுமாறும், வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் அங்கேயே கட்டளையிடுகிறான். தோட்டம், ஏழையின் உரிமை, விரயத்துக்குத் தடை ஆகிய மூன்றும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பதை நாம் தற்செயலாகக் கருதவில்லை. ஆனால் நம் பயான்களில் இம்மூன்றும் பிரிந்துகிடக்கின்றன. உஷ்ரு பற்றி ஒரு நாள், இஸ்ராஃப் பற்றி ஒரு நாள். மரம் நடுவதன் சிறப்பை ஆண்டுக்கொரு முறை மரக்கன்று வழங்கும் விழாவில் மட்டும் பேசுகிறோம்.

ஒளு நீரிலிருந்தே தொடங்கலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. முத்து என்பது நடுத்தரமான ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. லிட்டர்க் கணக்கில் மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு உணர்த்தப்பட்டதாக வரும் செய்தியை நாம் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை கூறியிருக்கின்றனர். ஆதலால் புகாரியின் அளவையே முன்வைப்பது நமக்கு வலுவாகப் படுகிறது. அளவை எவரும் பாத்திரம் வைத்து அளந்து பார்க்கலாம் அல்லவா?

நம் மதரஸாவில் அப்படித்தான் அளந்து பார்த்தோம். குழாயின் கீழே வாளியை வைத்து, வழக்கம்போல் ஒளு செய்யுமாறு மாணவர்களிடம் சொன்னோம். முழுக்கத் திறந்த குழாயில் பெரும்பாலோருக்கு ஏழெட்டு லிட்டர் ஆயிற்று. மிஸ்வாக் செய்யும்போதும் சட்டைக் கையை மடிக்கும்போதும் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு, பழைய மூக்குவைத்த கெண்டி இரண்டைத் தேடிக் கொண்டுவந்து அதே மாணவர்களிடம் கொடுத்தோம். ஒன்றரை லிட்டரில் ஒவ்வோர் உறுப்பையும் மும்முறை கழுவி முடித்தார்கள். கெண்டியின் அடியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. பத்து வயதுப் பிள்ளை செய்கிறான் என்றால் நம்மால் ஏன் இயலாது?

பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் இருந்தது. அதில் அள்ளித்தான் ஒளு செய்தாக வேண்டும்; அள்ளும் கைக்குத் தானாகவே ஓர் அளவு உண்டு. சுகாதாரத்தை எண்ணி ஹவுளை மூடிக் குழாய் வரிசை அமைத்ததைக் குறை கூற முடியாது. ஆனால் குழாய் வந்தபோது அளவு போய்விட்டது. முதியவர்கள் காலால் அழுத்தும் குழாய்களை விரும்புவதில்லை என்கிறார்கள். குழாய் வாயில் நீர்வேகத்தைக் குறைக்கும் சிறு சல்லடை மூடி ஒன்றைப் பொருத்தினாலே ஓட்டம் பாதியாகும். அதன் விலை சொற்பம். ஒழுகும் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றுவது அதைவிடச் சொற்பம். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் ஒரு நாளில் இருபது லிட்டர் அளவுக்குப் போய்விடுகிறது.

இந்த ஒளு நீரைச் செடிக்கு விடலாமா என்று பெண்கள் மதரஸாவில் அடிக்கடி கேட்கிறார்கள். கடமையான கழுவலுக்குப் பயன்பட்ட நீரை ஃபிக்ஹ் நூல்கள் மாஉ முஸ்தஃமல் என்று அழைக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின்படி அது தூய்மையானது. பிறிதொன்றைத் தூய்மைப்படுத்தும் தகுதி மட்டும் அதற்கு இல்லை. ஹனஃபி மத்ஹபிலும் ஃபத்வா இவ்வாறே. எனவே அதைச் செடிக்கு ஊற்றுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். நஜீஸ் கலந்த நீர் பாய்ந்த பயிர்கூட உண்ணத்தக்கதே என்பது அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. நீர் நேரடியாகப் பட்ட இலையையும் காயையும் கழுவிக்கொண்டால் போதும். ஹன்பலி மத்ஹபில் இதற்கு மாற்றுக் கருத்து உண்டு. நாம் பேசுவது அரிசி களைந்த நீரையும் ஒளு நீரையும் பற்றித்தான் என்பதால் அந்த விவாதம் இங்கே தேவைப்படவுமில்லை.

எல்லா நீரும் எல்லாச் செடிக்கும் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சோப்பும் சலவைத்தூளும் கலந்த நீரைக் கீரைப்பாத்தியில் ஊற்றக் கூடாது. அதற்குக் கொல்லையின் ஓரத்தில் ஒரு பள்ளம் தோண்டி, அடியில் உடைந்த செங்கல்லும் அதன் மேல் சரளையும் மணலும் இட்டு, கல்வாழையும் வாழையும் சேம்பும் வைத்தால் அவை உறிஞ்சிக்கொள்ளும். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரில் உப்பு செறிந்திருக்கும். நம் கடலோர ஊர்களின் நிலத்தடி நீரே உப்பானது. அதைக் கருவி பிரித்து வெளியேற்றும்போது உப்பு இன்னும் கூடிவிடுகிறது. அந்த நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் இரண்டு வாரத்தில் இலை விளிம்பு கருகிவிடும். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். மாறாக, குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இராது. பல வீடுகளில் அது மாடிச்சுவரை நனைத்துப் பாசி பிடிக்க வைப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படுவதில்லை. ஒரு சிறு குழாயை நீட்டித் தொட்டியில் விட்டால் வேலை முடிந்தது.

எதை நடுவது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். நாற்றுப் பண்ணையில் பூத்து நிற்கும் ரோஜாவையும் குரோட்டன்ஸையும் வாங்கி வந்து, மே மாத வெயிலில் வைத்து, இரண்டு வாரம் ஊற்றோ ஊற்றென்று ஊற்றி, பட்டுப்போனதும் நமக்குக் கைராசி இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த மண்ணுக்கு உரியது முருங்கை. ஒரு போத்தை ஊன்றினால் தழைத்துவிடும். வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கும். அகத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை, மருதாணி ஆகியவையும் அப்படியே. கொடிப்பசலை ஒரு சன்னல் கம்பியில் ஏறி வீட்டுக்கு நிழலும் கறிக்குக் கீரையும் தரும். வெயில் தாங்கும் காய்களில் கத்தரி, வெண்டை, கொத்தவரை ஆகியவற்றை நம்பலாம். கொத்தமல்லியைக் கோடையில் விதைப்பதால் பயனில்லை. வெக்கையில் விரைவில் பூத்து முடிந்துவிடும். நம் மாவட்டத்துக்கென்றே உரிய முண்டு மிளகாய் இருக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உருண்டையாய், தடித்த தோலோடு, மானாவாரி நிலத்திலேயே விளையும் அந்த மிளகாயை நம் வீட்டு மீன்குழம்பில் சேர்க்கிறோம். ஆனால் நம் கொல்லையில் ஒரு செடி இருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை.

நீர் ஊற்றும் முறை, செடியைத் தேர்வதை விடவும் முக்கியம். நடுப்பகலில் ஊற்றுவது வெயிலுக்கு ஊற்றுவதே. ஃபஜ்ருக்குப் பின் ஒரு முறை. மிகத் தேவையென்றால் மஃக்ரிபை ஒட்டி இன்னொரு முறை. மண்ணை வெறுமையாக விடக் கூடாது. காய்ந்த சருகு, கரும்புச்சக்கை, தேங்காய் நார் என எது கிடைத்தாலும் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி மூடாக்கு இட வேண்டும். தேங்காய் நாரை மட்டும் இரண்டு முறை நீரில் அலசிவிட்டு இடுவது நல்லது. அதிலும் உப்பு இருக்கும். மூடாக்கு இட்ட தொட்டியில் விரலை விட்டுப் பாருங்கள், மறுநாள் காலையிலும் ஈரம் இருக்கும். நிழலுக்குப் பச்சை வலைதான் வேண்டும் என்பதில்லை. பனை நிறைந்த மாவட்டத்தில் நான்கு குச்சி நட்டு இரண்டு பனையோலையைச் சாய்த்து வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

பானைப் பாசனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மெருகிடாத, நன்கு சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, வாய் வரை நீர் நிரப்பி, தட்டால் மூடிவிட வேண்டும். பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நான்கைந்து கத்தரியோ மிளகாயோ நடலாம். மண் காய்ந்திருந்தால் பானையின் சுவர் வழியே நீர் கசியும். ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். வேர்கள் பானையைத் தேடி வந்து பற்றிக்கொள்ளும். மேல்மண் நனையாததால் களையும் குறைவு, ஆவியாவதும் குறைவு. மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். கோடை விடுமுறைக்கு உறவினர் வீடு செல்வோருக்கும் இது ஏற்றது. நோன்புக் காலத்தில் தண்ணீர் குளிர வாங்கிய பானைகள் கசிந்துவிட்டதென்று நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. கசியும் பானைதான் இதற்குத் தேவை. வாயைத் திறந்து வைத்தால் கொசு முட்டையிடும் என்பதால் மூடியில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், வேளாண்மை பற்றித் தாம் எழுதிய கிதாபுல் ஃபிலாஹாவில் மண்ணின் வகைகளையும் எருவின் வகைகளையும் மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் சமூகத்தார் பலர் பிழைக்கப் போகும் ஓமானில், அஃப்லாஜ் என்னும் பழங்கால வாய்க்கால்கள் இன்றும் பேரீச்சந் தோப்புகளுக்கு நீர் கொண்டுசெல்கின்றன. யாருடைய பங்கு எந்நேரம் என்று முறை வைத்துப் பகிர்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ அவற்றுள் ஐந்தை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. வறண்ட நிலத்தில் நீரைக் கணக்கிட்டு வாழ்வது முஸ்லிம்களுக்குப் புதிய பாடமன்று. அங்கே இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் கட்டும் புதிய வீடுகளில், வாசல் முதல் கொல்லை வரை ஓர் அடி மண்கூடத் தெரியாமல் டைல்ஸ் பதிக்கிறார்கள் என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை.

இனி அடுக்களைக்கு வருவோம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு உணவகங்களிலோ கடைகளிலோ வீணானதன்று, வீடுகளில் வீணானது. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. தட்டில் மிஞ்சும் ஒரு பிடிச் சோற்றோடு எத்தனை குடம் தண்ணீர் கொட்டப்படுகிறது என்று கணக்கிடுவது பிள்ளைகளுக்கு நல்ல வீட்டுப்பாடம். கீழே விழுந்த கவளத்தையும் தூசியை நீக்கிவிட்டு உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை நாம் அறியோம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நம் மூத்த பெண்கள் மிஞ்சிய சோற்றைக் குப்பைத்தொட்டியில் போட மாட்டார்கள். நீரூற்றி வைத்து மறுநாள் பழையசோறாக்குவார்கள். அதற்கும் மிஞ்சியது கோழிக்கும் ஆட்டுக்கும் போகும். ரஹ்மத்தை மிதிக்கலாமா என்று கேட்பார்கள். இன்று அந்தச் சோறு பிளாஸ்டிக் பையில் முடிச்சிடப்பட்டுத் தெருமுனைக்குப் போகிறது. மாடு பையோடு சேர்த்து விழுங்குகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை இருந்தும், நம் தெருக்களில் அது இருப்பதாகத் தெரியவில்லை.

மட்கு உரம் தயாரிக்க இடம் இல்லை என்பது பலரின் சாக்கு. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட ஒரு பழைய வாளி போதும். ஒரு பங்கு காய்கறித் தோல், இரு பங்கு காய்ந்த சருகு, மேலே ஒரு கைப்பிடி மண் என மாற்றி மாற்றி இட்டு, வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த, மண்வாசனையுள்ள எரு கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சருகை இன்னும் சேர்க்க வேண்டும். முட்டை ஓட்டை நொறுக்கியும், தேயிலைத் தூளைச் சர்க்கரை போக அலசியும் போடலாம். எலும்பு, எண்ணெய், மீன் கழிவு ஆகியவற்றை வாளியில் போடக் கூடாது. மீன் செதிலும் குடலும் வீட்டுக்கு வீடு தினமும் கழியும் ஊர் நம்முடையது. அவற்றைத் தென்னை அல்லது முருங்கையின் அடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிட்டால் பூனை தோண்டாது.

இவ்வாண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் கோடையை ஒட்டியே வருகிறது என்பதால் இங்கே ஒரு சொல். குர்பானித் தோலுக்கு ஒரு காலத்தில் நல்ல விலை இருந்தது. பல மதரஸாக்களின் ஆண்டுச் செலவில் ஒரு பகுதி அதிலிருந்தே வந்தது. இப்போது தோலை வாங்க ஆள் வருவதில்லை. அதன் விளைவாகத் தோலும் குடலும் ஊர் எல்லையில் வீசப்பட்டு, வெயிலில் நாறி, பிற சமூகத்தாரின் முகச்சுளிப்புக்கு நாம் ஆளாகிறோம். பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஜமாஅத் ஓரிடம் பார்த்து ஆழமாகக் குழி வெட்டி வைத்தால் இது தீரும். நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் விலகிய இடமாக அது இருக்க வேண்டும்.

விருந்துகளைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நாம் ஒன்றை மட்டும் சொல்கிறோம். சஹனில் நால்வராக அமர்ந்து உண்ட வலீமாவில் மிச்சம் குறைவாக இருந்தது. ஒருவர் விட்டதை இன்னொருவர் உண்டார். இப்போது ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு சிறு தண்ணீர் பாட்டில். அண்மையில் ஒரு வலீமா முடிந்தபின், மேசைகளில் பாதி குடித்தும் மூடியைத் திருகியதோடும் விடப்பட்ட பாட்டில்களை நம் மாணவர்கள் திரட்டி ஊற்றியபோது, இரண்டு வாளி நிறைந்தது. மதரஸா வாசலில் நிற்கும் வேம்புக்கு அன்று நல்ல வேளை. அதே நாள் மாலையில் அந்த மண்டபத்தின் பின்தெருவில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால், விருந்தளித்தவருக்கு மனம் நோகும். ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இவை அனைத்தையும் விட நம்மை வருத்துவது வேறொன்று. வசதியுள்ள வீடுகளில் ஆழ்துளைக் கிணறு இறங்கிக்கொண்டே போகிறது. கடலோர நிலத்தின் அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறக்கூடும் என்பது நீரியலாளர்களின் கணக்கு. ஒரு வீட்டின் மோட்டார் பகல் முழுவதும் இழுத்துப் புல்தரையை நனைக்க, பக்கத்து வீட்டு இருபதடிக் கிணறு உவர்க்கிறது. அந்தக் கிணற்றுக்காரர் ஒரு விதவைத் தாயாகவோ தையல் தொழிலாளியாகவோ இருக்கிறார். அவர்தான் குடத்துக்குக் காசு கொடுக்கிறார். தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தேவைக்கு மிஞ்சிய நீரைப் பிறருக்குத் தடுப்பதும் கண்டிக்கப்பட்டுள்ளது. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி மக்களுக்கெல்லாம் பொதுவாக்கினார்கள். நம் காலத்தில் கிணற்றை விலைக்கே வாங்க வேண்டியதில்லை. மோட்டாரை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினாலே பக்கத்து வீட்டாரின் உரிமையில் ஒரு பகுதி காக்கப்படும். அண்டை வீட்டாரின் நீரை இழுத்து வளர்க்கும் பசுமை எவ்வளவு அழகாயிருந்தாலும் அதைத் தோட்டம் என்று புகழ நமக்கு நா வரவில்லை. மரம் நட்டு, அதிலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது தர்மம் என்னும் நற்செய்தியைப் பிறர் உரிமையைப் பறித்து வளர்த்ததற்கும் பொருத்திக்கொள்வது சரியன்று என்றே நாம் கருதுகிறோம்.

இது பெரிய நகரங்களுக்கும் நேரக்கூடியதே. 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அந்த சூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்கள் கொண்ட ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் நீர் கொண்டுவரப்பட்டது. பின்னர் மழை வந்தது, எல்லோரும் மறந்தார்கள். 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வைத்த குழாய்கள் இன்று பல வீடுகளில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று வீட்டாருக்கே தெரியாது.

நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழும் ஓராண்டு மழை எழுபதாயிரம் லிட்டரைத் தாண்டும். சிந்தியதும் ஆவியானதும் போக ஐம்பதாயிரம் லிட்டரையாவது பிடிக்கலாம். அதைக் கிணற்றுக்குத் திருப்பினால் உவர்ப்பு குறையும். தொட்டியில் சேர்த்தால் தைப் பட்டத்துக்குத் தோட்டம் நனையும். வீடுகளைக் கேட்கும் முன் பள்ளிவாசலைப் பார்ப்போம். நம் பள்ளிவாசலின் மாடி சாதாரண வீட்டைப் போல் நான்கைந்து மடங்கு பெரியது. அதன் இறக்குக் குழாய் இரண்டின் வாயும் புறா எச்சத்தாலும் அரச இலையாலும் அடைபட்டிருக்கின்றன. கீழே உள்ள உறிஞ்சுகுழியில் மணல் மேவிவிட்டது. ஒளுக் குழாய்களின் வடிகாலையும் சிமெண்ட் வாய்க்காலாகச் சாக்கடைக்கே விட்டிருக்கிறார்கள். அதைத் தெற்குச் சுவரோரம் திருப்பினால் ஆறு வாழைக்கு நீர் ஆகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கொத்தனாருக்கு மூன்று நாள் வேலை. வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கூடும் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறோம். குழியைத் தூர்வார மூத்த வகுப்பு மாணவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மண்வெட்டி மட்டும் நான்கு குறைகிறது.